எங்கள் பஸ்ஸில் பேசிய ராணி

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலை, உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே வந்து நின்ற கம்பெனி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரமாக ஓர் இடம் பிடித்து உட்கார்ந்தேன். பஸ் வாலாஜாபாத் சாலைக்குத் திரும்பியதும் பின்னாலிருந்து ஓர் அதட்டல் கேட்டது.

"யாருப்பா அது, புதுசா? ஐ.டி. கார்டு எங்க? கார்டு இல்லாதவங்கள யாரு பஸ்ல ஏத்தினது?"

ஆண் குரல். இன்டர்வியூ அன்று என்னை நிற்கவைத்தே கேள்வி கேட்ட சூப்பர்வைசரின் குரல். நான் பதறி எழுந்து, பைக்குள் கையை விட்டுத் துழாவினேன். பஸ் முழுக்கச் சிரிப்பு. திரும்பிப் பார்த்தால் சூப்பர்வைசர் எங்கேயும் இல்லை. ஒல்லியாக ஒரு பெண், தலையில் கனகாம்பரம், மடியில் டிபன் பை, என்னைப் பார்த்து இரண்டு கைகளாலும் உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"உக்காரு கண்ணு. நான்தான் பேசினேன். பயந்துட்டியா?"

அக்காவை நான் அறிந்தது அப்படித்தான். பெயர் இருந்தது; ஆனால் பஸ்ஸில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவள் அக்காதான். எங்கள் கம்பெனி ஒரகடத்தில் இருந்தது. கார்களுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து டேப் சுற்றி அனுப்புகிற வேலை. நானும் அக்காவும் ஒரே வரிசையில் அடுத்தடுத்து நின்று டேப் சுற்றினோம். வேலை நேரத்தில் பேசக் கூடாது. ஆகவே போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில்தான் எல்லாம்.

அக்காவிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாராவது பேசினால், என்ன சொல்கிறார்கள் என்பதைவிட எப்படிச் சொல்கிறார்கள் என்பதைத்தான் கவனிப்பாள். டீக்கடைக்காரர், கண்டக்டர், ரேஷன் கடையில் வரிசையை மீறி நுழைகிற பெண், யாராக இருந்தாலும் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவளுடைய தோள் அவர்களுடைய தோள்போலச் சாயும். தாடை லேசாக அசையும். முன்பின் தெரியாதவர்கள் சிலர் "இன்னாமா, அப்படிப் பாக்கற?" என்று சண்டைக்கு வந்ததும் உண்டு.

"குரலு தொண்டைல கீதுன்னு நெனச்சிகினு கீறியா நீ?" என்று ஒரு நாள் என்னிடம் கேட்டாள். "தொண்ட சும்மா வாசக்கதவு மாதிரி. குரலு முட்டில கீது, முதுகுல கீது, வயித்துல கீது. முட்டி வலிக்கிறவங்க பேசறது வேற. பசியோட பேசறது வேற. நீ நல்லாக் கேட்டுப் பாரு, தெரியும்."

எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவள் சொன்னது எவ்வளவு உண்மை என்பதை ஒரு காலைப் பயணத்தில் பார்த்தேன். அன்று வீட்டில் மாமியாரோடு பெரிய சண்டை. அக்காவின் மாமியார் லேசுப்பட்டவர் இல்லை. தெருவே நடுங்கும். பஸ்ஸில் ஏறிய அக்கா கோபத்தில் உட்காரக்கூட இல்லை. கம்பியைப் பிடித்தபடி, மாமியார் திட்டியதை அப்படியே மாமியார் குரலில் பேசிக் காட்ட ஆரம்பித்தாள்.

"ஏம்மா, காலைல எழுந்துக்கினு கண்ணாடி முன்னாடி நின்னு பேசிக்கினு கீறியே, உனக்கு வூடு எதுக்கு? கூத்து கொட்டாய் போதாது?"

நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். இன்னும் இரண்டு வாக்கியம் பேசியவள், பாதியில் நின்றுவிட்டாள். இடது கால் முட்டியைத் தன்னையறியாமல் கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். முகம் மாறிவிட்டது.

"அத்தைக்கு வலி ஜாஸ்தியா கீதுமா," என்றாள், தன்னுடைய குரலில். "அதான் அப்படி இழுத்து இழுத்துப் பேசிச்சி. பச்சத் தண்ணில குளிச்சிருக்கும்."

உடனே புருஷனுக்குப் போன் போட்டு, மருந்துக்கடையில் தைலம் வாங்கிக்கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னாள். அப்புறம் அமைதியாக உட்கார்ந்துகொண்டாள். "அவங்கள மாதிரியே பேசறப்போ அவங்க மேல கோவமே நிக்க மாட்டேங்குது. இது ஒரு பேஜாரு," என்றாள்.

அவள் யார் குரலையும் கேலிக்காக எடுத்ததில்லை. சிரித்தது நாங்கள்தான். அவள் அந்த ஆளாக இருந்து பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள், அவ்வளவுதான்.

அக்காவின் புருஷன் ஆட்டோ ஓட்டினார். கூரையில் இரண்டு குழாய் ஒலிபெருக்கி கட்டி, ஊர் ஊராக விளம்பரம் சொல்லிப் போகிற ஆட்டோ. ஜவுளிக்கடை திறப்பு, கண் பரிசோதனை முகாம், கோயில் கூழ் வார்த்தல் எல்லாம் அதில் வரும். பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு செல்போன் கடையின் உள்ளறையில் இந்த அறிவிப்புகளைப் பதிவுசெய்வார்கள். ஒரு முறை பேச வேண்டிய பெண் வராமல்போக, அவசரத்துக்கு அக்காவை உட்காரவைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு வேறு யாரையும் கூப்பிடவில்லை. மானாம்பதியிலிருந்து சாலவாக்கம் வரை எந்த ஊரில் ஆட்டோ கத்தினாலும் அது அக்காவின் குரல்தான்.

"வூட்லயும் நீ, வண்டிலயும் நீ. நிம்மதிக்கு நான் எங்கதான் போறது?" என்று அவர் அலுத்துக்கொள்வார். ஆனால் ஆட்டோவை நிறுத்தி டீ குடிக்கும்போதுகூட ஒலிபெருக்கியை மட்டும் அணைக்க மாட்டார்.

உள்ளாட்சித் தேர்தல் வந்தது. பக்கத்துக் கிராமம் ஒன்றில் தலைவர் பதவிக்கு இரண்டு பேர் கடும் போட்டி. இரண்டு தரப்பும் தனித்தனியாக வந்து அக்காவிடம் பதிவுசெய்துகொண்டு போனார்கள். ஒருவருக்குக் கல்லூரி முடித்த இளம்பெண் குரல். "குடவோலை கண்ட மண்ணின் மக்களே" என்று துடிப்பாக ஆரம்பிக்கும். இன்னொருவருக்கு நாலு பிள்ளை பெற்ற தாயின் குரல். "எம்மா, ஒரு நிமிசம் நின்னு கேட்டுட்டுப் போங்கம்மா" என்று மெதுவாகக் கெஞ்சும். ஒரு நாள் இரண்டு ஆட்டோவும் ஒரே தெருமுனையில் எதிரெதிரே வந்து நின்றுவிட்டன. இளம்பெண்ணும் தாயும் ஒலிபெருக்கியில் மோதிக்கொண்டார்கள். இரு தரப்பு ஆட்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடிதடிக்குத் தயாராகிவிட்டார்கள். இரண்டு பெண்களும் ஒரே பெண்தான் என்று அங்கே நின்ற ஒருவருக்கும் தெரியாது.

அந்த ஊரில்தான் அக்காவின் மாமியாருடைய தங்கை இருந்தார். மாமியார் அங்கே போய்விட்டு வந்து சொன்னாராம்: "அந்தப் பெரியம்மா பேசிச்சி பாரு, அதான் மனசுல நின்னிச்சி. சின்னப் பொண்ணு சும்மா கத்திக்கினு கீது." அக்கா அதை எங்களிடம் சொல்லும்போது அவள் கண் மின்னியது. "அத்தையே ஏமாந்துட்டாங்கன்னா, நான் எங்கயாவது போய்ப் பேசலாம் இல்ல?" என்றாள்.

எங்கயாவது என்று அவள் சொன்னது சென்னையை. சினிமாவுக்குக் குரல் கொடுப்பதைத் தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. சின்ன வயதிலிருந்து வேற்று மொழிப் படங்களைத் தமிழில் பார்க்கும்போதெல்லாம், "அந்த வாய்க்குள்ள யாரோ ஒக்காந்துகினு பேசறாங்க, அது யாரு?" என்று யோசித்துக்கொண்டே இருந்தவள். செல்போன் கடைக்காரருக்குத் தெரிந்த ஒருவர் மூலமாக வடபழனியில் ஒரு டப்பிங் ஸ்டுடியோவுக்கு வழி கிடைத்தது. வார விடுமுறையில் கிளம்பிப் போனாள்.

அன்று அவளுக்குக் கொடுத்தது ஆஸ்பத்திரி நர்ஸ் பேசுகிற ஒரே ஒரு வரி. "அழாதீங்கம்மா, குழந்தை பிழைச்சுக்கும்." அக்கா மைக் முன்னால் நின்று, உயிரைக் கொடுத்துப் பேசினாள்.

"அயாதீங்கம்மா, கொயந்த பொயச்சிக்கும்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பேச வந்த மற்றவர்களும் சிரித்தார்கள். டப்பிங் இன்சார்ஜ், அதாவது யார் எதைப் பேசுவது என்று முடிவுசெய்கிறவர், அவர் மட்டும் சிரிக்கவில்லையாம். "உணர்ச்சி சரியா இருக்கும்மா. ழ இல்ல. ழ வந்ததும் வாங்க," என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை பஸ்ஸில் அக்கா இதை அப்படியே நடித்துக் காட்டினாள். சிரித்தவர்களின் சிரிப்பு, இன்சார்ஜின் கனத்த குரல், தன்னுடைய "கொயந்த" எல்லாம். நாங்கள் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு எங்களில் யாருக்கும் அருகதை கிடையாது. எங்கள் பஸ்ஸில் வாழைப்பழம் சாப்பிட்டவர்களே இல்லை, வாயப்பயம்தான்.

கும்பகோணம் பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண் மட்டும் விதிவிலக்கு. ழ அவள் வாயில் தானாக வரும். அக்கா அன்றே தன் இடத்தை மாற்றி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "இன்னொரு தபா சொல்லு. வாய நல்லாத் தொற. நாக்க எங்க வெக்கற?" என்று பாவம், அந்தப் பெண்ணைத் தூங்கவே விடவில்லை. சில நாட்களில் நாங்களும் சேர்ந்துகொண்டோம். அக்காவுக்குத் துணையாக என்று ஆரம்பித்தது, பிறகு எங்களுக்கே ரோஷம் வந்துவிட்டது. பஸ் கிளம்பியதும் அத்தனை பேரும் கோரஸாக "அழாதீங்கம்மா, குழந்தை பிழைச்சுக்கும்" என்று ஆரம்பித்துவிடுவோம். டிரைவர் அண்ணன்கூட ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நாக்கை மடித்துப் பார்ப்பார்.

வாலாஜாபாத்தில் பஸ் நின்றபோது பூக்காரம்மா ஒருவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, முகம் வெளிறிப்போய்க் கேட்டார்: "இன்னாம்மா ஆச்சி? யாரு வூட்டு கொயந்த?"

"குழந்தை," என்று அக்கா திருத்தினாள். சுத்தமாக வந்தது. அடுத்த கணம் நாங்கள் போட்ட கூச்சலில் பூக்காரம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

அக்கா மறுபடி போனாள். நர்ஸ் வரியை அதற்குள் வேறொருத்தி பேசிவிட்டிருந்தாள். கூட்டத்தில் ஒரு குரலாக நிறுத்தினார்கள். அதன் பிறகு விடுமுறை நாளெல்லாம் சென்னைதான். காய்கறி விற்பவள், கைக்குழந்தையின் அழுகை, கல்யாண வீட்டில் "பொண்ண அழைச்சிட்டு வாங்க" என்பவள், விபத்தைப் பார்த்து அலறுபவள். ஒரு படத்துக்கு ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையைப் பற்றி அவள் வாரம் முழுக்கப் பேசுவாள். "அவ காய் விக்கறவதான். ஆனா காலைலேருந்து ஒண்ணும் போணி ஆவல. அத வெச்சி பேசினேன்" என்பாள்.

அவள் குரல் வந்த முதல் படம் காஞ்சிபுரத்துக்கு வந்தபோது எங்கள் பஸ் பெண்கள் பாதிப் பேர் கிளம்பிப் போனோம். அக்கா எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். இடைவேளைக்குப் பிறகு ஒரு தீ விபத்து. குடிசைகள் எரிகின்றன, ஜனங்கள் ஓடுகிறார்கள், யாரோ ஒரு தாய் "என் பாப்பா!" என்று கதறுகிறாள். அக்கா என் கையை நசுக்கினாள். அதுதான். நாங்கள் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டி விசிலடித்தோம். தியேட்டரே திரும்பிப் பார்த்தது. முன் வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "மனுசங்களா நீங்க? குடிசை எரியுது, கைதட்டறீங்களே!" என்று கத்தினார். அக்கா அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். கேட்டுவிட்டு வந்து, "அழுதுகினே திட்டறாரு பாரு, மூக்குலேருந்து வருது," என்று என் காதில் சொன்னாள்.

இதெல்லாம் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பேய்ப் படம் வந்தது. அதில் நாயகி படம் முழுக்க அலறுகிறாள். நாயகிக்குப் பேசியவர் அலற மறுத்துவிட்டார். அவருக்குத் தன் தொண்டையின் அருமை தெரியும். அலறல்களுக்கு மட்டும் அக்காவைக் கூப்பிட்டார்கள். பெரிய வாய்ப்பு என்று போனவள், காலையிலிருந்து பொழுது சாயும்வரை நின்று அலறிவிட்டு வந்தாள். மறுநாள் பஸ்ஸில் ஏறியபோது வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது.

செங்கல்பட்டு டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாண் வீங்கிப் புண்ணாகியிருக்கிறது என்றார். குறைந்தது ஒரு மாதம் பேசவே கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, அதன் பிறகும் குரல் பழையபடி வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

அந்த நாட்களில் எங்கள் பஸ் செத்துப்போனது. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். யாரும் பாட்டுக்கூடப் போடவில்லை. அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு செல்போனில் வேற்று மொழிப் படங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தாள். என்ன பார்க்கிறாய் என்று சைகையில் கேட்டேன், ஏதோ நானும் பேசக் கூடாதவள்போல. அவள் என் கையை எடுத்துத் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, திரையில் இருந்த நடிகையோடு சேர்ந்து மூச்சை இழுத்தாள், நிறுத்தினாள், விட்டாள். பேசுவதற்கு முன்னால் அந்த நடிகை எங்கே மூச்சு எடுக்கிறாள் என்பதைப் பழகிக்கொண்டிருந்தாள். குரல் திரும்புமா என்றே தெரியாத ஒருத்தி செய்கிற வேலையா இது?

வீட்டில் மாமியார்தான் அவளுக்காகப் பேசினார். பார்க்க வந்தவர்களிடம், "நாந்தான் அப்பவே சொன்னேன், சினிமா வேணான்னு," என்று ஆரம்பித்து, கடைசியில், "கத்தறதுக்கு ஒரு அளவு வேணாமா? இந்தப் பொண்ணு எதையும் பாதியோட வுடாது," என்று முடிப்பாராம். அது திட்டா பெருமையா என்று வந்தவர்களுக்குத் தெரியாது.

குரல் திரும்பியது. ஆனால் பழைய குரல் இல்லை. மேலே எட்டும் சன்னமான பகுதி தேய்ந்துபோய், அடியில் ஒரு கரகரப்பு தங்கிவிட்டது. கைக்குழந்தையாக இனி அவளால் அழ முடியாது. அவளுக்கு அது தெரிந்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஸ்டுடியோவிலிருந்து போன் வந்தது. வெளிநாட்டுச் சரித்திரத் தொடர் ஒன்றைத் தமிழில் கொண்டுவருகிறார்கள். ராணி பாத்திரத்துக்கு யார் குரலும் சரியாக அமையவில்லை. பலரையும் கூப்பிட்டுப் பார்க்கிறார்கள், சனிக்கிழமை வர முடியுமா? சனிக்கிழமை கம்பெனியில் வேலை நாள். அக்கா ஏற்கெனவே எடுத்த விடுப்புகளுக்கு எச்சரிக்கை கொடுத்தாயிற்று. இன்னொரு நாள் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று ஆபீசில் நேராகவே சொல்லியிருந்தார்கள்.

அவள் புருஷனிடம் கேட்டபோது நானும் அங்கே இருந்தேன். அவர் ஆட்டோவின் ஒலிபெருக்கியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வேல போனாப் போவுது. வண்டி கீது, நான் கீறேன். நீ போய் ராணியப் பேசிட்டு வா."

மாமியார் மட்டும் உள்ளிருந்து கத்தினார்: "இன்னும் மருந்து துன்னுகினு கீற. மறுபடியும் போய்க் கத்தப் போறியா?"

"இல்லத்தே. இந்த ராணி கத்த மாட்டாளாம்."

துணைக்கு நான் போனேன். எனக்குக் காய்ச்சல் என்று கம்பெனிக்குச் சொல்லிவிட்டேன்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம், இன்சார்ஜுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டு என்னை உட்காரவைத்தார்கள். எங்களுக்கு முன்னால் சிலர் பேசினார்கள். எல்லாருக்கும் வெண்கல மணி மாதிரி குரல். கேட்கக் கேட்க எனக்கு நம்பிக்கை போய்க்கொண்டிருந்தது. காட்சி இதுதான்: போர்க்களத்தில் இறந்த ராஜாவைத் தூக்கிவந்து கிடத்துகிறார்கள். மந்திரி கிரீடத்தை எடுத்து ராணியிடம் நீட்டுகிறார். அவள் அதைப் பார்க்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் ராணியின் துக்கத்தையும் கம்பீரத்தையும் கொட்டிப் பேசினார்கள்.

அக்காவின் முறை வந்தது. "சார், ஒரு தபா சத்தம் இல்லாம ஓட்றீங்களா?" என்றாள். ஓட்டினார்கள். பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இவங்க ஏன் சார் ஒரு கைய இடுப்புலயே வெச்சிக்கினு கீறாங்க?"

"முழுகாம இருக்காங்கம்மா. அடுத்த எபிசோடுலதான் சொல்றாங்க," என்றார் இன்சார்ஜ்.

அக்கா தலையாட்டினாள். கால்களை லேசாக அகட்டி வைத்துக்கொண்டாள். இடது கையை இடுப்பில் ஊன்றினாள். காட்சி ஓடியது. திரையில் ராணியின் நெஞ்சு மெல்ல ஏறியது. கண்ணாடிக்குப் பின்னால் அக்காவின் நெஞ்சும் ஏறியது.

"முதலில் அவருடைய காலணிகளைக் கழற்றுங்கள்," என்றாள் ராணி. "வெகுதூரம் நடந்திருக்கிறார்." ஒரு மூச்சு. கரகரப்பான, அடிவயிற்றிலிருந்து வருகிற குரல். "அழுவதற்கு எனக்கு இன்று நேரமில்லை. கிரீடத்தைக் கீழே வையுங்கள். குழந்தைகள் யாரும் இதைப் பார்க்க வேண்டாம்."

எங்கள் பஸ்ஸில் தினமும் டேப் ஒட்டிய விரலோடு உட்கார்ந்து வருகிற அக்காவை நான் அங்கே தேடினேன். காணவில்லை. என் கன்னம் நனைந்திருந்தது. இன்சார்ஜ் முகத்தை இரண்டு கைகளாலும் தேய்த்துக்கொண்டார். பிறகு பொத்தானை அழுத்தி மைக்கில் கேட்டார்: "செவ்வாய்க்கிழமையிலேருந்து வர முடியுமாம்மா? முழுத் தொடருக்கும் ராணி நீங்கதான்."

அக்கா ஹெட்போனைக் கழற்றினாள். "வரேன் சார்," என்றாள். கொஞ்சம் தயங்கி, "ழ வந்துடுச்சிங்களா சார்?" என்றாள்.

முதன்முதலாக அந்த மனிதர் சிரித்தார். "வந்துடுச்சும்மா. எங்கள எல்லாம் தூக்கிச் சாப்பிடற மாதிரி வந்துடுச்சி."

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். தாம்பரம் தாண்டியதும் திடீரென்று என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று முதுகைத் தடவினேன். நிமிர்ந்தபோது பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தாள். "கம்பெனில போய் எழுதிக் குடுத்துட்டு வந்துடட்டாமா?" என்றாள். திங்கட்கிழமை காலை அதைத்தான் செய்தாள். சூப்பர்வைசர் காரணம் கேட்டாராம். "ராணி வேல கெடச்சிருக்கு சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

தொடர் வெளியானபோது அக்கா பஸ்ஸில் இல்லை. காலையில் அத்தனை செல்போன்களிலும் ஒரே காட்சி ஓடியது. எல்லாரும் ஒரே நேரத்தில் ஆரம்பிக்கவில்லை. அதனால் ராணி பஸ்ஸின் முன்னால் ஒரு வரி, நடுவில் ஒரு வரி, கடைசி சீட்டில் ஒரு வரி என்று எல்லா இடத்திலும் பேசினாள். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், "இது நெஜமாவே நம்ம ஊரு அக்காவா?" என்று கேட்டாள். கடைசியில் பெயர்கள் ஓடியபோது டிரைவர் அண்ணன் பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். சின்ன எழுத்தில், ஒரு நொடிதான் நின்றது அந்தப் பெயர். அதை நிறுத்திவைத்து, விரலால் பெரிதாக்கி, ஒவ்வொருவராக வாங்கிப் பார்த்தோம். அன்று நாங்கள் அத்தனை பேரும் வேலைக்குத் தாமதம். யாரும் கவலைப்படவில்லை.

அதன் பிறகு எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகை வைக்க அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் அப்போதுதான் சென்னையிலிருந்து வந்திருந்தாள். வேறொரு படத்தின் நாயகிக்குப் பேசிவிட்டு வந்த களைப்பு, முகம்கூடக் கழுவவில்லை. கூடத்தில் டி.வி. ஓடியது. அக்காவின் புருஷன் செல்போனை அதில் இணைத்துக் கொடுத்திருக்க, மாமியார் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து ராணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் வந்தார்கள் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரையில் ராணியை நாட்டைவிட்டுத் துரத்திவிட்டார்கள். காட்டில், மழையில், வயிற்றுப் பிள்ளையோடு தனியாக நடக்கிறாள். "பசியைப் பற்றி என்னிடம் பேசாதே, அது என் பழைய தோழி," என்றாள் ராணி, யாரோ ஒரு காவலனிடம்.

மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே எழுந்தார். முட்டியைப் பிடித்தபடி சமையலறைக்குப் போனவர், தட்டு நிறையச் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டுக்கொண்டுவந்து அக்காவின் முன்னால் வைத்தார்.

"காலைலேருந்து ஒண்ணும் துன்னலதானே? எனக்குத் தெரியும். குரல்லயே தெரியுது. உக்காந்து துன்னு."

அது என்றைக்கோ பேசிவைத்த குரல் என்று சொல்ல அக்கா வாயெடுத்தாள். சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. சோற்றைப் பிசைந்து முதல் வாய் வைத்தாள்.

அப்போது வாசலில் யாரோ பைக்கை நிறுத்திவிட்டுக் குரல் கொடுத்தார்கள். பக்கத்து ஊரில் ஃபர்னிச்சர் கடை திறக்கிறார்களாம். ஆட்டோவுக்கு அறிவிப்புப் பேச வேண்டுமாம். அக்கா இருக்கிறாளா என்று கேட்டார்கள்.

அக்கா எழப் போனாள். மாமியார் அவள் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டு, வாசலுக்கு நடந்தார். தெருவே கேட்கிற மாதிரி, அவருடைய சொந்தக் குரலில் சொன்னார்:

"ராணி துன்னுகினு கீது. போய்ட்டு அப்பால வா."